கப் மேலே ஏறிவிட்டால் பயப்பட வேண்டாம்



மாதவிலக்கு நாட்களில் மலைக்குப் போகும் பெண்கள் படும் பாடு நாம் அறியாததல்ல. மலையில் துணியோ பேட்டோ மாற்ற மறைவான இடம் கிடையாது. மழையில் நனைந்தால் தொடை உரசிப் புண்ணாகும். இதனால்தான் சில சகோதரிகள் இப்போது மாதவிடாய்க் கப் பற்றி விசாரிக்கிறார்கள். அவர்களுக்காக இம்முறை இந்தப் பாடம்.

கப் என்பது மென்மையான சிலிக்கோனில் செய்த சின்னக் கிண்ணம். மடித்து யோனி வழிக்குள் வைத்தால் உள்ளே விரிந்து இரத்தத்தை ஏந்திக்கொள்ளும். இது நேற்று வந்த சாமான் அல்ல. 1937ஆம் ஆண்டிலேயே லியோனா சால்மர்ஸ் என்ற அமெரிக்க நடிகை இறப்பர் கப் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 2019ல் 43 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த மருத்துவ நிபுணர்கள், பேட் பாவிக்கும்போது கசிவது போலவோ அதைவிடக் குறைவாகவோதான் கப்பில் கசியும் என்று கண்டார்கள். பழகுவதற்குச் சில மாதம் செல்லும் என்றும் தெரிந்தது.

ஆனால் ஒரு பயம் பலருக்கும் இருக்கிறது. "காலையில் வச்சேன், பின்னேரம் பார்த்தா கைக்கு எட்டல. உள்ளே போயிருச்சோ?" என்று கேட்கிறார்கள். இதற்குப் பதில் நம் உடம்பின் அமைப்பில் இருக்கிறது.

கப் எங்கேயும் தொலையாது

யோனி வழி மேல்முனையில் மூடிய ஒரு பை மாதிரி. அந்த முனையில் கருப்பைக் கழுத்து இருக்கிறது. அதில் உள்ள துவாரம் மிகவும் சிறியது. அதனூடாக இரத்தம் கசியும், கப் நுழைய முடியாது. வயிற்றுக்குள் போய்விடும் என்ற பேச்சு சரியல்ல.

சில பெண்களுக்குக் கருப்பைக் கழுத்து தாழ்வாக இருக்கும், சிலருக்கு உயரமாக இருக்கும். இரண்டும் நோயல்ல. உயரமாக உள்ளவர்களுக்கு உள்ளே இடம் அதிகம். அதனால் நடந்து, குனிந்து, ஏறி இறங்கும்போது கப் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொள்ளும். நடப்பது அவ்வளவுதான்.

வாங்கமுன் அளந்து பாருங்கள்

மாதவிலக்கு வந்த முதல் மூன்று நாளில் பார்ப்பது நல்லது. மற்ற நாட்களில் கழுத்தின் இடம் மாறும்.

சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள். குந்தி உட்கார்ந்து நடுவிரலை மெதுவாக உள்ளே விடுங்கள். மூக்கு நுனியைத் தொடுவது போல உருண்டையாக, கொஞ்சம் கெட்டியாக, நடுவில் சிறு குழியோடு ஒன்று தட்டுப்படும். அதுதான் கருப்பைக் கழுத்து. விரல் எதுவரை போனது என்று பெருவிரலால் அடையாளம் பிடித்து, வெளியே எடுத்துப் பிள்ளையின் அடிமட்டத்தில் அளந்து பாருங்கள்.

சுமார் நாலரை சென்டிமீற்றருக்குள் தட்டுப்பட்டால் தாழ்வு. ஐந்தரைக்கு மேல் போனால், அல்லது முழு விரல் போயும் எட்டாவிட்டால், உயரம்.

எப்படியான கப் நல்லது?

உயரமாக உள்ளவர்கள் குட்டையான கப் வாங்க வேண்டாம். கிண்ணம் மட்டும் 5 சென்டிமீற்றர் அளவு நீளமும், அதற்குக் கீழே நீளமான காம்பும் உள்ளதைப் பாருங்கள். காம்புக்குப் பதிலாக வளையம் வைத்ததும் உண்டு, விரல் மாட்டிக்கொள்ள வசதி. சிலர் வாங்கியவுடனே காம்பை வெட்டிவிடுகிறார்கள். நீங்கள் வெட்ட வேண்டாம். இரண்டு மூன்று மாதம் பழகிய பிறகு, உறுத்தினால் மட்டும் யோசிக்கலாம்.

பிள்ளை பெற்றவர்களுக்குப் பெரிய கப் என்று பெட்டியில் போட்டிருக்கும். அது பெரும்பாலும் அகலத்தைப் பற்றியது. நீளத்தையும் தனியாகப் பார்த்து வாங்குங்கள்.

எடுக்கும் முறை

1. கையை நன்றாகக் கழுவுங்கள். கொழுந்துக் கறையோ மருந்தடித்த கையோ கூடாது.

2. குந்தி உட்காருங்கள். குந்தினால் பாதை குறுகி, கப் கிட்டே வரும்.

3. மூச்சை விட்டு, மலம் கழிக்க முக்குவது போல மெதுவாக முக்குங்கள். இரண்டு மூன்று தரம் செய்யக் கப் கீழே இறங்கும்.

4. காம்பு தட்டுப்பட்டால் அதை வெடுக்கென்று இழுக்க வேண்டாம். காம்பு வழிகாட்ட மட்டும்தான். அதைத் தொட்டுக்கொண்டே மேலே போய்க் கப்பின் அடியைப் பிடியுங்கள்.

5. அடியை இரு விரலால் அமுக்குங்கள். காற்று உள்ளே போய்ப் பிடிப்பு விட்டுவிடும். பிறகு இப்பக்கம் அப்பக்கம் மெதுவாக அசைத்து, கவிழாமல் எடுங்கள்.

எட்டவில்லையா? பதற வேண்டாம். பதறினால் தசை இறுகி இன்னும் சிரமமாகும். எழும்பி நடந்து, ஒரு பிளேன்டீ குடித்து, அரை மணித்தியாலம் கழித்து மறுபடி பாருங்கள். கரண்டி, கம்பி, இடுக்கி என்று எந்தச் சாமானையும் உள்ளே விடவே கூடாது. பல தரம் பார்த்தும் வராவிட்டால் மருத்துவிச்சி அம்மாவிடமோ ஆஸ்பத்திரிக்கோ போங்கள். அவர்களுக்கு இது சில நிமிட வேலை. வெட்கப்பட்டு நாள் கடத்துவதுதான் ஆபத்து.

கவனிக்க வேண்டியவை

கப்போடு வரும் துண்டில் எழுதியுள்ள நேரத்துக்கு மேல் உள்ளே வைக்கக் கூடாது. 12 மணித்தியாலத்தை எக்காரணம் கொண்டும் தாண்ட வேண்டாம். காலை 6 மணிக்கு வைத்தால் வேலை விட்டு வந்ததும் முதல் வேலையாக எடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு மாதமும் தொடங்கமுன்னும் முடிந்த பின்னும் தனிப் பாத்திரத்தில் 5 நிமிடம் கொதிக்க வையுங்கள். பாத்திரத்தின் அடியில் ஒட்டிக் கருகாமல் பாருங்கள். பீலித் தண்ணீர் கலங்கலாக இருந்தால், இடையில் கழுவுவதற்குக் கொதித்து ஆறிய தண்ணீரை ஒரு போத்தலில் வைத்துக்கொள்ளலாம். காய்ந்த கப்பைத் துணிப் பையில் வையுங்கள்.

கர்ப்பத்தடை லூப் போட்டவர்கள், அடி இறங்கியவர்கள், அண்மையில் பிள்ளை பெற்றவர்கள் முதலில் கிளினிக்கில் கேட்க வேண்டும். கப்பை இழுக்கும்போது லூப்பும் சேர்ந்து வரக்கூடும்.

கப் உள்ளே இருக்கும்போது திடீர்க் காய்ச்சல், வாந்தி, தலைச்சுற்று, வெயில் சுட்டது போலத் தோலில் சிவப்பு வந்தால் உடனே கப்பை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இது அபூர்வம். ஆனாலும் உயிரைப் பறிக்கக்கூடியது.

கப் கட்டாயம் இல்லை. வெயிலில் காயவைத்த சுத்தமான துணியும் பேட்டும் நல்லதுதான். எதைப் பாவிப்பது என்று அவரவரே முடிவு செய்யட்டும். வீட்டு ஆண்களும் இதை வாசித்து, அந்த நாட்களில் ஒரு குடம் தண்ணீரைச் சுட வைத்துக் கொடுத்தால் அதுவே பெரிய உதவி.

வாசித்த பின் இந்தப் பக்கத்தை அடுத்த காம்பராவுக்கும் கொடுங்கள். எழுத்துத் தெரியாத அக்காமாருக்கு வாசித்துக் காட்டுங்கள்.