முந்துவது ஏன் கடினம்?

கோவை மாவட்டத்தில் வளரும் நமக்கு 'மோட்டார்' என்ற சொல் புதியதன்று. தோட்டத்துக் கிணற்றில் ஓடுவதும் மோட்டார்தான். பீளமேட்டுப் பட்டறைகளில் உருவாவதும் மோட்டார்தான். இதே ஊரில் மோட்டார்ப் பந்தயத்திற்கென்றே ஒரு தடமும் உண்டு. செட்டிபாளையத்தில் 2003-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே என்பது அதன் பெயர். 'கரி' என்பது யானையுமன்று, அடுப்புக்கரியுமன்று, எஸ். கரிவரதன் என்ற கோவைக்காரரின் பெயர்ச் சுருக்கம். மாருதி காரின் என்ஜினைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்னும் சிக்கனமான பந்தயக் கார்களை 1980-களின் இறுதியில் உருவாக்கி, நம் நாட்டு இளைஞர்கள் பந்தயத்திற்கு வர வழி செய்தவர் அவர். 1995-இல் விமான விபத்தில் மறைந்தார்.

அந்த ஃபார்முலா மாருதியில் தொடங்கி, உலகின் உச்சப் பந்தயமாகிய ஃபார்முலா ஒன்று வரை சென்றவர் நரேன் கார்த்திகேயன். கோவை ஸ்டேன்ஸ் பள்ளியின் மாணவர். 2005-இல் ஜோர்டன் குழுவிற்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்றில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார். பின்னர் 2011, 2012 ஆண்டுகளில் எச்.ஆர்.டி. என்ற ஸ்பெயின் நாட்டுக் குழுவிற்காக ஓட்டினார். அவ்விரு ஆண்டுகளிலும் அவர் வண்டி பெரும்பாலும் கடைசி வரிசைகளிலேயே வந்தது. "நம்மூருப் பையன் ஏன் ஒருத்தனையும் முந்த மாட்டேங்கறான்?" என்று அந்நாளில் பல வீடுகளில் கேட்டார்களாம். பழைய பந்தயங்களைப் போட்டுப் பார்க்கும் அப்பாக்கள் இன்றும் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். பொள்ளாச்சி சாலையில் ஒரு பஸ் மற்றொரு பஸ்ஸை நாள்தோறும் முந்துகிறதே! மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் வண்டிக்கு அது ஏன் இயலவில்லை? இக்கேள்விக்கு விடை காண்போம்.

முதற்காரணம் மிக எளியது. சாலையில் மெதுவான வண்டி முன்னாலும் வேகமான வண்டி பின்னாலும் இருக்க நேரிடுகிறது, ஆகவே முந்துகிறோம். ஃபார்முலா ஒன்றிலோ, முந்தின நாளே ஒவ்வொருவரும் தனித்தனியே எவ்வளவு விரைவாக ஒரு சுற்றை முடிக்கிறார்கள் என்று அளந்து, மிக வேகமானவரை முதலிலும் மற்றவரை வரிசையாகப் பின்னாலும் நிறுத்திவிடுகிறார்கள். பரீட்சை மதிப்பெண் வரிசைப்படி நம்மை நிறுத்திவிட்டு, 'இனி முந்துங்கள்' என்று சொன்னால் எப்படியிருக்கும்?

ஆனால் வேகத்தில் சற்று உயர்ந்தவரும்கூட முந்த முடியாமல் தவிப்பதைக் காண்கிறோம். இங்கேதான் காற்று வருகிறது.

ஆகாய விமானத்தின் இறக்கை விமானத்தை மேலே தூக்குகிறது. பந்தயக் காரில் அதே இறக்கையைத் தலைகீழாகப் பொருத்துகிறார்கள். அது காற்றை மேல்நோக்கித் தள்ள, நாம் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிப்படி காற்று வண்டியைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. அதிவேகத்தில் இவ்விசை வண்டியின் எடையையும் மிஞ்சிவிடும். டயர்கள் தரையைக் கெட்டியாகப் பற்றிக்கொள்வதால், வளைவுகளில் வேகத்தை அதிகம் குறைக்காமலே திரும்ப முடிகிறது. ஃபார்முலா ஒன்று வண்டியின் பெருமையே இதுதான். சங்கடமும் இதுதான். இறக்கை நன்கு வேலை செய்ய அமைதியான காற்று வேண்டும். முன்வண்டி அக்காற்றைக் கிழித்துச் சுழற்றிக் குழப்பிவிட்டுப் போகிறது. பின்வண்டிக்குக் கிடைப்பது அந்தக் குழம்பிய காற்று மட்டுமே.

உடுமலைப்பேட்டைப் பக்கம் போகும்போது காற்றாலைகளைப் பார்த்திருப்போம். பாலக்காட்டுக் கணவாய் வழியே அத்தனை காற்று வீசியும், காற்று வரும் திசையில் ஒன்றன்பின் ஒன்றாக அவற்றை நெருக்கி நிறுவுவதில்லை. முன்னிற்கும் காற்றாலை காற்றின் வலிமையை உண்டுவிட்டுச் சுழற்காற்றைப் பின்னே அனுப்பும். பின்னிற்பதற்கு மின்சாரமும் குறையும், தேய்மானமும் கூடும். அதனால் இடைவெளி விடுகிறார்கள். பந்தயத்திலோ இடைவெளி விட்டால் முந்துவது எங்ஙனம்?

2021 வரை ஓடிய வண்டிகளில், முன்வண்டிக்கு 20 மீட்டர் பின்னால் வந்தால் கீழழுத்தும் விசையில் ஏறத்தாழ 35 சதவிகிதமும், 10 மீட்டருக்கு நெருங்கினால் 46 சதவிகிதமும் குறைந்துவிடும் என்று கணக்கிட்டார்கள். நெருங்க நெருங்கப் பிடிப்பு போகிறது! பிடிப்பில்லாத டயர் வளைவில் வழுக்குகிறது, வழுக்கினால் சூடேறுகிறது, சூடேறினால் இன்னும் வழுக்குகிறது. இரண்டு மூன்று சுற்று துரத்திவிட்டு ஓட்டுநர் தாமே பின்வாங்கிக்கொள்வதைக் காணலாம். அவருக்குத் துணிவில்லை என்று சொல்வது தவறு, டயரைக் காப்பாற்றுகிறார்.

நேர்ப்பாதையில் மட்டும் கதை மாறும். பஸ்ஸின் பின்னே சைக்கிள் ஓட்டுபவருக்கு எதிர்காற்று தெரியாதல்லவா? (யாரும் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம் என்பது சிஸ்டரின் கட்டளை.) அதுபோல் முன்வண்டி காற்றைக் கிழித்து வழிவிட, பின்வண்டி வேகம் பெறும். ஆனால் நேர்ப்பாதைக்கு முந்திய வளைவிலேயே பின்தங்கிவிட்டால் இந்த உதவியும் எட்டாது. பாதை முடிவில் பிரேக் பிடிக்கையில் உள்ளே நுழையலாமென்றால், அவ்வண்டிகளின் பிரேக்குகள் 300 கிலோமீட்டர் வேகத்தையும் சுமார் 100 மீட்டருக்குள் அடக்கிவிடும். அந்தக் கண்ணிமைப்பொழுதில்தான் நுழைய வேண்டும். வழக்கமான வழியை விட்டு விலகினாலோ, டயர்களிலிருந்து உதிர்ந்த ரப்பர்த் துகள்கள் காலை வாரும்.

2010-ஆம் ஆண்டின் இறுதிப் பந்தயம் அபுதாபியில் நடந்தது. உலகப் பட்டத்தின் வாயிலில் நின்ற ஃபெர்ராரி குழுவின் பெர்னாண்டோ அலோன்சோ, விட்டாலி பெட்ரோவ் என்ற புதிய ஓட்டுநருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, பந்தயம் முடியும்வரை முந்தமுடியாமல் பட்டத்தையே இழந்தார். பட்டம் செபாஸ்டியன் வெட்டலுக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு முதல் புதிய ஏற்பாடு ஒன்று வந்தது. முன்வண்டிக்கு ஒரு விநாடிக்குள் வருபவர், குறித்த நேர்ப்பாதையில் தம் பின்னிறக்கையின் ஒரு மடலைத் திறந்து காற்றுத் தடையைக் குறைத்துக்கொள்ளலாம். 2025 வரை இது இருந்தது. முந்துதல் பெருகியது உண்மை; ஆயினும் முன்னால் செல்பவருக்கு அதே வசதி இல்லாதபோது முந்துவதில் என்ன பெருமை என்று கேட்டவர்களின் பக்கம்தான் நம் மனம் சாய்கிறது.

தடம் குறுகலாயின் இந்த ஏற்பாடும் உதவாது. மொனாக்கோ நகரத் தெருக்களில் 2024-இல் நடந்த பந்தயத்தில், முதல் பத்துப் பேரும் புறப்பட்ட வரிசையிலேயே வந்து சேர்ந்தனர். டெல்லிக்கு அருகே 2011 முதல் 2013 வரை இந்தியப் பந்தயம் நடந்த புத்தர் பன்னாட்டுத் தடத்தில், இதை எண்ணியே ஒரு கிலோமீட்டருக்கும் நீண்ட நேர்ப்பாதையும், வாய் அகன்ற வளைவுகளும் அமைத்தார்கள்.

2022-இல் வண்டியின் அடிப்பாகமே அதிக அழுத்தத்தைத் தரும்படி விதிகளை மாற்றினார்கள். 10 மீட்டரில் இழப்பு 18 சதவிகிதமாகக் குறையும் என்றார்கள். முதலில் பலன் தெரிந்தது. பிறகு ஒவ்வொரு குழுவும் தன் வண்டியைத் திருத்தத் திருத்தக் காற்று மீண்டும் குழம்பியது. 2026-ஆம் ஆண்டு விதிகள் வண்டியின் அகலத்தை 2 மீட்டரிலிருந்து 1.9 மீட்டராகக் குறைத்து, பழைய மடல் முறையை நீக்கி, ஒரு விநாடிக்குள் துரத்துபவருக்கு மின்சக்தியைக் கூடுதலாக அளிக்கின்றன.

இனி அப்பாக்களின் கேள்விக்கு வருவோம். 2005-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். டயர்க் கோளாறு காரணமாக 14 வண்டிகள் விலகிவிட, 6 வண்டிகளே ஓடிய பந்தயம் அது. அதில் மூன்றாவதாக வந்த டியாகோ மான்டெய்ரோ ஓட்டியதும் அதே ஜோர்டன் வண்டிதான். 2012-இல் மலேசியாவில் கடைசி வரிசையிலிருந்து புறப்பட்ட நரேன், மழை டயர்களைத் தொடக்கத்திலேயே போட்டிருந்ததால், மற்றவர்கள் டயர் மாற்ற நின்றபோது பத்தாம் இடம் வரை வந்துவிட்டார். மழை விட்டதும் வண்டியின் உண்மை வேகம் வெளிப்பட்டது. அதே பந்தயத்தில் ஒரு முழுச் சுற்று முன்னாலிருந்த வெட்டல் அவரைக் கடக்கையில் இருவர் வண்டியும் உரசி, வெட்டலின் டயர் கிழிந்தது. மெதுவான வண்டியைக் கடப்பதும் அவ்வளவு சுலபமன்று!

எல்லா நாடுகளுக்கும் ஒரே வகை வண்டியும் ஒரே டயரும் கொடுத்து நடத்திய ஏ1 கிராண்ட் பிரி என்ற போட்டி ஒன்று இருந்தது. 2007 டிசம்பரில் சீனாவின் ஜுஹாய் தடத்தில் நடந்த அதன் பந்தயத்தில் இந்தியாவிற்கு முதல் வெற்றி கிடைத்தது. ஓட்டியவர் நரேன் கார்த்திகேயன்.