கோப்பு அழிந்ததா, இடம் மாறியதா?

விண்டோஸ் 10 பணிசெயல் முறைமைக்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தது. அதற்குப் பிறகு வந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்த நானா எங்கள் வீட்டு மடிக்கணினியை விண்டோஸ் 11க்கு மாற்றினார். மஃரிபுக்குள் வேலை முடிந்தது. கணினி புதுப்பெண் போலப் பளிச்சென்று இருந்தது. யாரும் உள்ளே பார்க்கவில்லை.

மறுவாரம் சனிக்கிழமை இரவுதான் உம்மா சீட்டுக் கணக்கைத் திறக்கப் போனார். ஆவணக் கோப்புறை வெறுமையாக இருந்தது. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையிலும் பக்கத்து ஒழுங்கையிலும் உள்ள 20 பெண்கள் கட்டும் சீட்டு அது. ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய், பதினோராவது மாதம். யார் எடுத்துவிட்டார், யார் இரண்டு மாதம் பிந்திக் கட்டினார் என்பதெல்லாம் அந்த ஓர் எக்செல் கோப்பில்தான் இருந்தது. "இருவது பேர்ட அமானிதம் மகள் இது" என்று மட்டும் உம்மா சொன்னார். ஏசியிருந்தால்கூட எனக்கு இலேசாக இருந்திருக்கும். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பவள் வீட்டில் நான்தானே!

பதற்றத்தில் நான் செய்த முதல் வேலையே பிழை. மீட்பு மென்பொருள் ஒன்றை இணையத்திலிருந்து அதே வன்தட்டுக்கு இறக்கத் தொடங்கினேன். பாதியில்தான் வகுப்பில் படித்தது நினைவு வந்து நிறுத்தினேன்.

எங்கள் கல்லூரி நூலகத்தை எண்ணிப் பாருங்கள். பதிவேட்டில் ஒரு நூலின் வரியை வெட்டிவிட்டால், நூல் உடனே காணாமற் போய்விடுவதில்லை. அது இறாக்கையிலேயே இருக்கும். ஆனால் அந்த இடம் வெற்றிடம் என்று பதிவேடு சொல்வதால், புதிய நூல் வந்ததும் பழையதை எடுத்துப் போட்டுவிட்டு அதை அங்கே வைப்பார்கள். வன்தட்டிலும் இதுதான் நடக்கிறது. விண்டோஸ் பயன்படுத்தும் என்.டி.எஃப்.எஸ். முறைமையில் தலைமைக் கோப்பு அட்டவணை என்று ஒரு பதிவேடு உண்டு. கோப்பை அழிக்கும்போது அதில் உள்ள பதிவுதான் 'வெற்றிடம்' என்று குறிக்கப்படுகிறது. உள்ளடக்கம், அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை அங்கேயே கிடக்கும். நான் இறக்கிய மென்பொருளே உம்மாவின் கணக்கின் மேல் போய் உட்கார்ந்திருக்கக்கூடும். எஸ்.எஸ்.டி. வகைத் தட்டுகளில் நிலைமை இன்னும் கடினம். அங்கே ட்ரிம் என்ற கட்டளை, 'இந்த இடம் இனித் தேவையில்லை' என்று தட்டுக்கே அறிவித்துவிடும். தட்டும் அதைத் துடைத்துவிடும். எங்களுடையது பழைய சுழலும் வன்தட்டு என்பது நல்ல காலம்.

ஆனால் அழிந்ததை மீட்கப் போகுமுன், அது உண்மையில் அழிந்ததா என்று பார்க்க வேண்டும். மேம்படுத்தலுக்குப் பிறகு கோப்புகள் காணாமற் போவதில் பல, வெறும் இடமாற்றங்களே. சில வேளை தற்காலிகப் பயனர் கணக்கொன்றில் கணினி திறந்திருக்கும். பழைய பெயரிலான கோப்புறை சி ட்ரைவில் பயனர்களுக்கான பகுதியில் அப்படியே இருக்கும். சில வேளை ஆவணங்கள் வன்ட்ரைவ் கோப்புறைக்குள் போயிருக்கும். எங்கள் வீட்டில் இரண்டும் இல்லை. எதையெல்லாம் வைத்திருக்க வேண்டும் என்று நிறுவும்போது கேட்ட கேள்விக்கு, நானா 'எதுவும் வேண்டாம்' என்பதை அழுத்தியிருக்கிறார். அப்படி அழுத்தினாலும் விண்டோஸ் பழையதை உடனே எறிவதில்லை. சி ட்ரைவில் 'விண்டோஸ் டொட் ஓல்ட்' என்ற கோப்புறைக்குள் ஒதுக்கி வைக்கிறது. மேம்படுத்திப் பத்து நாள் கழிந்தால் அது தானாக நீங்கிவிடும். அன்று எட்டாம் நாள்.

அதைத் திறந்து, பயனர்கள் என்ற பகுதிக்குள் போய், உம்மாவின் பெயரைச் சொடுக்கினேன். அனுமதி கேட்டது, கொடுத்தேன். சீட்டுக் கணக்கு இருந்தது. உடனே அதை பென் ட்ரைவுக்குப் பிரதி செய்தேன். உம்மா அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு, முதலில் பார்த்தது யார் யார் பிந்தியிருக்கிறார்கள் என்பதைத்தான்.

தாத்தாவின் நிக்காஹ் படங்கள் அங்கே இல்லை. வன்தட்டில் இடம் போதவில்லை என்று, மேம்படுத்துமுன் நானா அந்தக் கோப்புறையை அழித்திருக்கிறார். டி ட்ரைவில் இன்னொரு பிரதி இருக்கிறது என்று நினைத்தாராம். அங்கே இருந்தது அதே பெயரில் ஒரு வெற்றுக் கோப்புறை.

நானாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இதே நினைப்பில் உலகப் பெரு நிறுவனமே சறுக்கியிருக்கிறது. மைக்ரோசொஃப்ட் 2018 ஒக்டோபர் 2ஆம் திகதி வெளியிட்ட விண்டோஸ் 10இன் 1809ஆம் பதிப்பு, சிலரது ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட்டது. ஆவணக் கோப்புறையை வேறோர் இடத்துக்குத் திருப்பி வைத்திருந்தவர்களின் கணினியில், பழைய இடத்திலும் அதே பெயரில் கோப்புறை மிஞ்சியிருந்தது. அது தேவையற்ற இரட்டை என்று கருதி மேம்படுத்தல் அதை நீக்கியது. உள்ளே கோப்புகள் இருந்தால் அவையும் சேர்ந்தே போயின. பாதிக்கப்பட்டவர்கள் நிறுவியவர்களில் பத்தாயிரத்தில் ஒருவர் அளவே என்று நிறுவனம் கூறியது. ஆயினும் சில நாட்களிலேயே வெளியீட்டை நிறுத்தி, நவம்பர் 13ஆம் திகதிதான் மீண்டும் விட்டது. கோப்பு இழந்தவர்களுக்கு அது சொன்ன அறிவுரை, கணினியை இயன்றளவு பயன்படுத்தாமல் வைத்துவிட்டு உதவி கேளுங்கள் என்பதே. நூலகக் கதையை விளங்கியவர்களுக்கு ஏனென்று தெரியும்.

மேம்படுத்தாமலே இருந்துவிடலாம் என்று உம்மா ஒரு யோசனை சொன்னார். அதற்கும் நம் நாட்டிலேயே கதை உண்டு. 2023 ஓகஸ்ட்டில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணிமைத் தொகுதி கப்பம் கேட்கும் தீம்பொருளால் தாக்கப்பட்டது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. மின்னஞ்சல் மென்பொருள் பழைய பதிப்பிலேயே இருந்தது, அந்தக் காலத்துக்குக் காப்புப் பிரதியும் இருக்கவில்லை.

படங்களுக்காக வன்தட்டைக் கழற்றி, பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் வாங்கிய உறையொன்றில் போட்டு, மாமாவின் கணினியில் இணைத்தோம். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் தேடினோம். மீட்பதை எப்போதும் வேறொரு தட்டில்தான் சேமிக்க வேண்டும். அது பதிவேட்டைப் பார்ப்பதில்லை. இறாக்கை இறாக்கையாகத் தடவி, படம் போன்ற அமைப்புள்ளதை எடுக்கும். அதனால் கோப்பின் பெயர் திரும்பி வராது, இலக்கங்கள்தான் வரும். இரவு முழுதும் ஓடியது. சுமார் 1,100 படங்களில் 340 அளவில் முழுமையாகக் கிடைத்தன. சிலவற்றில் மேற்பாதி தாத்தா, கீழ்ப்பாதி சாம்பல் நிறம். மற்றவற்றின் மேல் விண்டோஸ் 11 குடியேறிவிட்டது.

தாத்தா இன்னும் நானாவுடன் சரியாகப் பேசுவதில்லை. உம்மா கணக்கை எக்செல்லில்தான் போடுகிறார். ஆனால் ஒவ்வொரு மாதமும் சீட்டு எடுத்த அன்றிரவே அதை ஒரு சீ.ஆர். கொப்பியிலும் எழுதி, என்னிடம் பென் ட்ரைவைக் கேட்கிறார்.