கிராங்க் சென்சார்: சரக்கு வண்டி வைத்திருப்போர் அறிய வேண்டியது

நம் வணிகர்களில் பலர் சந்தையிலிருந்து சரக்கு எடுத்துவரச் சொந்தமாகச் சிறிய வேன் வைத்துள்ளனர். காய்கறியும் பாலும் ஏற்றிய வண்டி நடுவழியில் நின்றால் நஷ்டம் யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. வண்டி அப்படி நிற்பதற்குக் காரணமாகும் சிறு பாகங்களுள் ஒன்று கிராங்க் சென்சார்.

இதன் வேலை என்ன?

பிஸ்டன்கள் மேலும் கீழும் செல்வதைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் ஷாப்ட். பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்து எரிபொருளைப் பீய்ச்ச வேண்டும்; பெட்ரோல் வண்டியானால் தீப்பொறியும் எழுப்ப வேண்டும். பழைய பெட்ரோல் வண்டிகளில் தீப்பொறியின் நேரத்தை டிஸ்ட்ரிபியூட்டர் கவனித்துக்கொண்டது. இன்றைய வண்டிகளில் இ.சி.யூ. எனப்படும் கம்ப்யூட்டர் பெட்டி அதை முடிவு செய்கிறது. அதற்குத் தகவல் தருவதே கிராங்க் சென்சார்.

கிராங்க் ஷாப்ட்டுடன் ஒரு பல்சக்கரம் சுழல்கிறது. பல வண்டிகளில் இதில் 60 பற்களுக்கு இடமிருக்கும். பற்களோ 58 மட்டுமே. ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது சென்சார் ஒரு மின்சைகை அனுப்பும். நிமிடத்திற்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 2900 சைகைகள். இதிலிருந்து எஞ்சின் வேகம் தெரிகிறது. இரண்டு பற்கள் இல்லாத இடைவெளி, சுற்றின் தொடக்கத்தைக் காட்டுகிறது. நெல் அளப்பவர் முதல் மரக்காலை 'லாபம்' என்று சொல்லித் தொடங்குவது போன்றதே இது. அளப்பவர் வாயை மூடிக்கொண்டால் கணக்குப்பிள்ளை எதை எழுதுவார்? சைகை நின்றால் பெரும்பாலான எஞ்சின்களும் நின்றுவிடும்.

பழுதின் அறிகுறிகள்

1. எஞ்சின் சூடானதும் நின்று, ஆறியபின் மீண்டும் ஸ்டார்ட் ஆவது.

2. செல்ஃப் சுற்றியும் ஸ்டார்ட் ஆகாதது, அப்போது ஆர்.பி.எம். முள்ளும் அசையாமல் இருப்பது.

3. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிவது.

என்ன செய்ய வேண்டும்?

எரிபொருள் பம்ப் கெட்டாலும் வண்டி நிற்கும். ஆகவே ஊகத்தின் பேரில் பம்ப்பை மாற்ற ஒப்புக்கொள்ள வேண்டாம். முதலில் ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பி 0335 என்ற எண் வந்தால் பழுது கிராங்க் சென்சார் இணைப்பில் இருக்கிறது என்று பொருள். சென்சாரே கெட்டுவிட்டது என்று பொருளல்ல. ஒயர் அறுந்திருக்கலாம், கனெக்டர் தளர்ந்திருக்கலாம், காந்த முனையில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கலாம். இவற்றைச் சோதித்த பிறகே புதியது வாங்க வேண்டும். அதுவும் உங்கள் வண்டிக்குரிய பாக எண் உள்ளதாக இருக்கட்டும். கழற்றிய பழைய பாகத்தையும் பில்லையும் கேட்டுப் பெறுங்கள்.

"ஆறினால்தான் ஓடுகிறதே" என்று அடுத்த லோடு ஏற்றி அனுப்புவது மட்டும் கூடாது. சாலை நடுவே எஞ்சின் நின்றால் சரக்கோடு டிரைவரின் உயிருக்கும் ஆபத்து.