மாற்றத்தைக் கண்டு அஞ்சலாமா?

பெரம்பூரில் எனக்குத் தெரிந்த மாமி ஒருவர் இருக்கிறார். 30 வருடங்களுக்கும் மேலாக அதே வீடு, அதே பூஜையறை. போன வருடம் கணவர் காலமாகிவிட்டார். பெங்களூரில் இருக்கும் மகன், ‘அம்மா, தனியா இருக்க வேண்டாம், எங்களோட வந்துடு’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். மாமியோ, “என் ஸ்வாமியை விட்டுட்டு எப்படிடி போவேன்?” என்று தட்டிக்கழித்தபடியே இருந்தார்.

நீங்களும் இப்படி ஒரு வாசற்படியில் நின்றிருப்பீர்கள். மகள் கல்யாணமாகிப் போனபோது, முதன்முதலாக வங்கிக்குத் தனியாகப் போக வேண்டி வந்தபோது, டாக்டர் ‘ஆபரேஷன்’ என்று சொன்னபோது... காலை எடுத்து வைக்க முடியாமல் ஒரு பயம் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும், இல்லையா?

ஒரு செவ்வாய்க்கிழமை மாமியை சிறுவாபுரி முருகன் கோயிலுக்கு அழைத்துப் போனேன். சொந்த வீடு வேண்டும் என்று பலரும் ஆறு செவ்வாய்க்கிழமை வந்து வணங்கும் தலம். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய சன்னிதி. தரிசனம் முடிந்தபின், கும்மிடிப்பூண்டியைத் தாண்டி எளாவூர் வரை போய், கிழக்கே பழவேற்காடு ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் இருந்தோம்.

சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் வந்து உப்பு குறையும். கோடையில் உப்பு ஏறும். முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வந்து போகும். அந்த முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் ஏரிக்குக் கஷ்டம், மீனவர் வீடுகளில் அடுப்புக்கும் கஷ்டம். வருவதும் போவதுமாக இருப்பதால்தான் அந்த ஏரிக்கு உயிர்!

இடுப்பளவு தண்ணீரில் சில பெண்கள் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் தேடுகிறார்கள். கரையேறிய ஒரு பெண்மணியின் பறியை நாங்கள் எட்டிப் பார்த்தோம். ஒரு இறால் மட்டும் துவண்டு, மெத்தென்று இருந்தது. “இது செத்துப்போச்சா?” என்று மாமி கேட்டார். அந்தப் பெண்மணி சிரித்தார்.

“இல்லம்மா, இது தோலு கழட்டின இறா. கொஞ்ச நாள்ல கெட்டியாயிடும். கழட்டலேன்னா எப்படிம்மா பெருசாகும்?”

உண்மைதான். கடலில் பிறந்து, குஞ்சாக ஏரிக்குள் வந்து, வளர்ந்தபின் மறுபடி கடலுக்கே திரும்பும் ஜீவன் இறால். அதன் ஓடு வளராது. உடல் வளர வளர, பழைய ஓட்டைக் கழற்றியே ஆக வேண்டும். புது ஓடு இறுகும்வரை அதற்குப் பாதுகாப்பு இல்லை. ஆனால், அந்த ஆபத்துக்குப் பயந்து பழைய ஓட்டுக்குள்ளேயே இருந்துவிட்டால் வளர்ச்சியே இல்லை.

எனக்கு உடனே அப்பர் பெருமான் நினைவுக்கு வந்தார்.

சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் சரிதம் இது. திருவாமூரில் மருள்நீக்கியாராகப் பிறந்தவர், சமணம் சேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு பெரும் மதிப்பில் இருந்தார். அப்போதுதான் கொடிய சூலை நோய் வந்தது. திருவதிகையில் சிவத்தொண்டு செய்துவந்த தமக்கை திலகவதியாருக்கு, சமையற்காரர் மூலம் செய்தி அனுப்பினார். தமக்கையாரோ, ‘நான் அங்கே வர மாட்டேன்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

தருமசேனர் யோசித்தார். இத்தனை வருட மதிப்பு என்னாவது? கூட இருந்தவர்கள் என்ன சொல்வார்கள்? தமக்கையின் முகத்தில் எப்படி விழிப்பது? இத்தனை கேள்விகளும் அவருக்கு இருந்திருக்காதா? இருந்தும் எழுந்தார். உடுத்தியிருந்த பாயை நீக்கினார். கமண்டலத்தை வைத்தார். மயிற்பீலியை வைத்தார். வெள்ளை ஆடை உடுத்தி, இரவோடு இரவாகத் திருவதிகை போய், தமக்கையின் காலில் விழுந்தார். அவர் கொடுத்த திருநீற்றைப் பூசிக்கொண்டு பதிகம் பாட, நோய் நீங்கியது. திருநாவுக்கரசர் என்ற பெயர் அதன்பின் கிடைத்ததுதான்!

அதோடு சோதனை முடியவில்லை. சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைத்தார்கள். விஷம் கொடுத்தார்கள். யானையை ஏவினார்கள். கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்கள். அவர் அஞ்சவில்லை. கல் மிதந்து, திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார். பின்னாளில் உழவாரப்படையைக் கையில் எடுத்துக்கொண்டு, ஊர் ஊராகக் கோயில் பிராகாரங்களைச் செதுக்கினார்.

இந்தச் சரிதத்தில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தம்பி இடம் மாறினார்; தமக்கை மாறவில்லை. இரண்டு பேருமே வணங்கத்தக்கவர்கள்! அப்படியானால் எல்லா மாற்றத்தையும் ஏற்க வேண்டும் என்பதில்லை, எதையும் ஏற்காமல் இருப்பதும் தவறு. திலகவதியார் போக மறுத்தது பயத்தால் அல்ல, உறுதியால். தருமசேனர் கிளம்பியதும் சபலத்தால் அல்ல, உண்மையால். எனவே, உங்கள் மனதை ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘நான் நகராமல் இருப்பது பக்தியாலா, பயத்தாலா?’

பக்தி என்றால் மனம் அமைதியாக இருக்கும். பயம் என்றால் சாக்கு மேல் சாக்காகச் சொல்லும்.

இதை வீட்டிலேயே பழகலாம். திங்கட்கிழமை மாலை விளக்கேற்றி, நெற்றியில் திருநீறு இட்டு, அப்பர் தேவாரத்தில் ஒரு பதிகம் படியுங்கள். பிறகு உங்களை உறுத்தும் பயம் எது என்று ஸ்வாமியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த வாரத்துக்குள், அது தொடர்பாகச் சின்னதாக ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு போன், ஒரு விண்ணப்பம், ஒரு பஸ் பயணம் போதும். காளவாயும் கல்லும் நமக்கு வேண்டாம், ஒரு படி இறங்கினால் போதும். புது ஓடு இறுகும்வரை கொஞ்சம் நடுக்கம் இருக்கும். அதற்காகப் பின்வாங்காதீர்கள், துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அப்பருக்கே ஒரு திலகவதியார் தேவைப்பட்டாரே!

திரும்பும் வழியில் மாமி வெகுநேரம் பேசவில்லை. கடைசியில் சொன்னார்: “ஸ்வாமியை விட்டுட்டுப் போறதா சொன்னேனே, அவர் என்ன பெரம்பூர்லயே கட்டிப்போட்டா இருக்கார்? எனக்குத்தான்டி பயம்.”

முதலில் மூன்று மாதம் மகனோடு இருந்து பார்ப்பது, அதுவரை வீட்டை விற்பதில்லை என்று முடிவாகியிருக்கிறது. பூஜையறையிலிருந்து காமாட்சி விளக்கை மட்டும் துணியில் சுற்றி எடுத்து வைத்துவிட்டார்.

பண்ருட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது திருவதிகை வீரட்டானேஸ்வரர் கோயில். அப்பரின் குருபூஜை சித்திரை சதயம். முடிந்தால் ஒருமுறை போய் வாருங்கள். தம்பி விழுந்து வணங்கிய மண்ணில் நீங்களும் உங்கள் பயத்தை இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்!