1,500 ரூபாய் செலவு பண்ணாததால 7,000 போச்சு!

சென்னையில வேலை, சொந்த ஊர் ராமேஸ்வரம் பக்கமா? ஆயுத பூஜை லீவுக்கு ஊருக்குப் போனா, மோட்டாருக்குப் பொட்டு வைக்கிறதோட நிறுத்தாதீங்க, அது எவ்வளவு உயரத்துல இருக்குன்னும் பாருங்க.

2024 நவம்பர் 20. ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல மழை. எங்க வீட்ல தரையோட இருந்த மோட்டார் முங்கிடுச்சு, சம்ப்புக்குள்ள தெருத்தண்ணி. தண்ணி வடிஞ்சதும் அப்பா அவசரமா சுவிட்சைப் போட, காயில் புகைஞ்சிடுச்சு. ரீவைண்டிங், சம்ப் கிளீனிங், அதுவரைக்கும் லாரித் தண்ணின்னு 7,000 ரூபாய். மாசக் கடைசி வேற, கிரெடிட் கார்டுல தேய்ச்சேன்.

அப்புறம்தான் மோட்டாருக்கு ரெண்டடி மேடையும், சம்ப் மூடிக்கு ரப்பரும் போட்டோம். மொத்தமே 1,500 ரூபாய். ஜூலையிலேர்ந்து மாசம் 500 எடுத்து வெச்சாலே போதும்.

புயல் எச்சரிக்கை வந்தா முதல் வேலை, மாடி டேங்க்கை நிரப்புங்க. காலி சின்டெக்ஸ் காத்துல பறந்துடும். 1,000 லிட்டர் நிரம்பினா ஒரு டன் கனம், அசையாது. கரண்ட் இல்லாத ரெண்டு நாளுக்குத் தண்ணியும் ஆச்சு. உடனே மோட்டார் ஃபியூஸைக் கழட்டிடுங்க.

முங்கின மோட்டாரை எலக்ட்ரீஷியன் பார்க்காம போடக்கூடாதுன்னு அப்பாகிட்ட இப்பவே போன்ல சொல்லிடுங்க.