மாற்றிக் கட்டிய செட்டிநாட்டு வீட்டைப் பதிவுசெய்வது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளில் கட்டியது கட்டியபடியே நிற்பவை சொற்பம். முற்றத்துக்கு மேல் தகரக் கூரை வந்திருக்கும். பங்கு பிரித்த நாளில், முற்றத்தைச் சுற்றிய வளவின் குறுக்கே சுவர் எழும்பியிருக்கும். இரண்டாங்கட்டின் ஓட்டுச் சாய்ப்பு போய் கான்கிரீட் தளம் வந்திருக்கும். "இதில் இனி எழுதி வைக்க என்ன இருக்கிறது?" என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பர்மாவில் சம்பாதித்துக் கட்டிய குடும்பம் 1942இல் அங்கே எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிய பிறகு எப்படி வாழ்ந்தது என்பதைத் தேக்குத் தூண் சொல்லாது. அந்தக் குறுக்குச் சுவர்தான் சொல்லும். ஆகவே மூலக் கட்டடத்தையும் அதன் மேல் நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரே அக்கறையோடு பதிவுசெய்யுங்கள்.

முதல் வேலை அனுமதி. இந்த வீடுகளில் பல புள்ளிகளுக்கு, அதாவது பல குடும்பங்களுக்கு, பங்கு உண்டு. ஒவ்வோர் அறைச் சாவியும் ஒரு ஊரில் இருக்கும். ஒருவரிடம் மட்டும் கேட்டுவிட்டு டேப்பை எடுக்க வேண்டாம். முன்னோருக்கான படைப்புக்கோ கல்யாணத்துக்கோ எல்லோரும் கூடும் சமயத்தில் விஷயத்தைச் சொல்லி, அளக்கும் நாளையும் அப்போதே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.

அளப்பதற்கு இரண்டு பேர், ஒரு நீளமான டேப், கட்டம் போட்ட தாள் போதும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று கட்டுக்கு ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். நீள அகலத்தோடு மூலைக்கு மூலையும் அளந்தால்தான் அறை கோணலா நேரா என்று தெரியும். எல்லாவற்றையும்விட முக்கியம் சுவரின் கனம். ஒவ்வொரு வாசலிலும் அதை அளந்து குறியுங்கள். பழைய சுவர்கள் தடிமனானவை. நடுவில் ஒன்று மட்டும் ஒன்பது அங்குலமோ நாலரை அங்குலமோ இருந்தால் அது பின்னால் வந்தது என்று சந்தேகிக்கலாம். அளவுகளை அடி அங்குலத்தில் எடுப்பதே நல்லது. கட்டியவர்கள் கணக்கிட்ட முழு எண்கள் அப்போதுதான் கண்ணில் படும். வரைபடத்தில் பழையதைக் கறுப்பிலும், சேர்த்ததைச் சிவப்பிலும், இடித்து எடுத்ததைப் புள்ளிக்கோட்டிலும் காட்டுங்கள்.

படம் எடுக்கும்போது ஒவ்வோர் அறைக்கும் நான்கு மூலையிலிருந்தும் நான்கு படம், பிறகு தளம், கூரை. படத்தின் எண்ணை வரைபடத்தில் எடுத்த இடத்திலேயே எழுதிவிடுங்கள்.

இனி நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை, ஒட்டுப்போட்ட இடங்களைத் தேடுவது. தரையிலிருந்து தொடங்குங்கள். ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலை ஓர் அறைக்கு நடுவே சட்டென்று நின்று, ஒரு சாண் அகலத்துக்கு சிமெண்டுப் பட்டை ஓடி, அப்புறம் வேறு பூ தொடங்கினால் அங்கே ஒரு சுவர் இருந்திருக்கலாம். கரைக்கல்லைப் பாருங்கள்: அறையின் ஓரத்தில் ஓட வேண்டிய கரை நடுத்தரையில் ஓடினால் சந்தேகம் வலுக்கும். தூண்களைச் சுற்றி வந்து பாருங்கள். எதுவும் பொருந்தாமல் வெறுமையாக இருக்கும் வெட்டுத்துளை, அங்கே ஒரு விட்டம் சேர்ந்திருந்ததைக் காட்டும். அல்லது அந்த மரமே வேறொரு கட்டடத்திலிருந்து வந்திருக்கலாம். கதவு மேலும் கீழும் நீண்ட மரக் குடுமியில் சுழல்கிறதா, கீலில் தொங்குகிறதா என்று குறியுங்கள். ஒரே வரிசையில் நாலு கதவு குடுமியிலும் ஒன்று கீலிலும் இருந்தால் அந்த ஒன்றுக்குத் தனிக் கதை உண்டு.

சுவரில் அலமாரிக்குப் பின்னால், கண்ணில் படாத இடமாக ஒரு அங்குலச் சதுரம் தேர்ந்தெடுங்கள். கூர்மையான கத்தியால் ஒவ்வொரு பூச்சாகப் படிக்கட்டு மாதிரி சுரண்டி வாருங்கள். மேலே டிஸ்டெம்பர், அதன் கீழே நீலம் கலந்த வெள்ளை, அதற்கும் கீழே பளபளவென்று பழைய சுண்ணாம்புப் பூச்சு என்று அடுக்கு தெரியும். அளவுகோலை வைத்து நெருக்கத்தில் படம் எடுங்கள். ஓவியமோ வண்ணக் கோடோ உள்ள சுவரில் மட்டும் கை வைக்காதீர்கள்.

எழுத்துகளையும் தேடுங்கள். இரும்பு உத்திரத்தின் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் ஆலையின் பெயர் புடைத்து நிற்கும். டாடா என்றிருந்தால் அது 1912க்கு முந்தியதாக இருக்க முடியாது, ஜம்ஷெட்பூரில் எஃகு வார்க்கத் தொடங்கியதே அந்த ஆண்டுதான். ஆனால் கூரை ஓட்டில் ஏமாறக்கூடாது. பாசல் மிஷன் ஓட்டில் 1865 என்றிருப்பது மங்களூரில் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. அதை வீடு கட்டிய ஆண்டாக எழுதிவிடுகிறார்கள். எந்தப் பொருளும் "இதற்கு முன் நான் இல்லை" என்று மட்டுமே சாட்சி சொல்லும்; எப்போது இந்த வீட்டுக்கு வந்தது என்று சொல்லாது.

பத்திரங்களுக்கும் இதே விதிதான். முத்திரைத்தாளில் ஐந்தாம் ஜார்ஜின் தலை இருந்தால் அது 1910க்குப் பிந்தியது. பழைய இருப்பைப் பின்னாலும் விற்றிருப்பார்கள் என்பதால் மேல் எல்லையை அதைக் கொண்டு சொல்ல முடியாது. தேதியில் தமிழ் ஆண்டு மட்டும் இருந்தால் கவனம் தேவை. விரோதிகிருது 1911இலும் வந்தது, 1971இலும் வந்தது. கலியாண்டு இருந்தால் 3101ஐக் கழித்துக்கொள்ளுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அதைப் பொக்கிஷமாக வைத்துக்கொள்ளுங்கள்: யாருக்கு எந்த அறை, எந்த வாசல் பொது, கிணற்றில் யாருக்குப் பாத்தியம் என்று வீட்டையே வார்த்தையில் வரைந்திருப்பார்கள். 1975க்குப் பிந்தைய வில்லங்கச் சான்று பெரும்பாலும் பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைக்கும். முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். வீட்டு வரி ரசீதுகளையும் விடாதீர்கள். ஒரே ஆண்டில் வரி திடீரென்று ஏறியிருந்தால் அந்தச் சமயத்தில் ஏதாவது கட்டினார்களா என்று கேளுங்கள்.

கல்யாணப் படங்களைப் பார்க்கும்போது மணமக்களுக்குப் பின்னால் பாருங்கள். தூண், முற்றம், மின்விளக்கு எல்லாம் அங்கே இருக்கும், தேதியோடு.

பெரியவர்களிடம் ஆண்டைக் கேட்டால் குத்துமதிப்பாகத்தான் சொல்வார்கள். சம்பவத்தைக் கேளுங்கள். "ஆச்சி, நீங்க கல்யாணமாகி வந்தப்ப இந்தச் சுவர் இருந்துச்சா?" என்றால் பதில் நினைவின் ஆழத்திலிருந்து வரும். உட்கார வைத்துக் கேட்பதைவிட, முடிந்தவர்களை வீட்டுக்குள் மெல்ல நடக்க வைத்துக் கேளுங்கள். சமையல் செய்தவர்கள், வீட்டைப் பார்த்துக்கொண்டவர்கள், கொத்தனார் ஆகியோரையும் விடாதீர்கள். பின்கட்டின் கதை அவர்களிடம்தான் இருக்கிறது.

திரட்டியதை ஒரு அட்டவணையாக்குங்கள்: என்ன மாற்றம், எப்போது, எதைக்கொண்டு சொல்கிறோம். மூன்றாவது நெடுவரிசையில் "பத்திரம்", "கட்டடத்தில் பார்த்தது", "கேட்டது", "ஊகம்" என்று ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கட்டும். இரண்டு சித்தப்பாக்கள் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள்.

அச்சுப் பிரதி ஒன்று வீட்டிலும், மின்பிரதி ஒவ்வொரு புள்ளியிடமும் இருக்கட்டும். நூலகத்துக்கும் ஒன்று கொடுக்கலாம். சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமே கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த புத்தகங்களிலிருந்து பிறந்ததுதான். வெளியே கொடுக்கும் பிரதியில் மட்டும் வீட்டின் முகவரி, பூட்டியிருக்கும் மாதங்கள், செதுக்கு வேலைக் கதவுகள் இருக்கும் அறை ஆகியவற்றை நீக்கிவிடுங்கள். ஆளில்லாத வீடுகளில் கதவும் தூணும் களவு போவது இங்கே புதிதல்ல.