போக்காடா, பலிகடாவா?

வேதபாடம். வாசிக்க வேண்டிய பகுதி: லேவியராகமம் 16-ம் அதிகாரம்



போன மாதம் வாலிபர் கூட்டம் முடிந்தபோது கல்லூரியில் படிக்கிற ஒரு தம்பி எழுந்து நின்று, "ஐயா, இங்கிலீஷ் பேப்பர்ல அடிக்கடி 'ஸ்கேப்கோட்'னு போடுறாங்க. தமிழ் பேப்பர்ல அதையே 'பலிகடா'ன்னு எழுதுறாங்க. இது நம்ம வேதத்துல இருந்து வந்த வார்த்தைன்னு எங்க லெக்சரர் சொன்னார். ஆனா தமிழ் பைபிள்ல பலிகடாவைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கல. எங்க இருக்கு?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. அன்றைக்கு அரைகுறையாக ஏதோ பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து லேவியராகமத்தை விரித்து உட்கார்ந்தபோதுதான், இது வெறும் சொல் விளக்கம் இல்லை, என் பேரிலேயே ஒரு பழைய பாக்கி நிற்கிறது என்று உறைத்தது. அதைக் கடைசியில் சொல்லுகிறேன். முதலில் பாடம்.

இஸ்ரவேலருக்கு வருஷத்தில் ஒரு நாள், ஏழாம் மாதம் பத்தாம் தேதி, பாவநிவாரண நாள். அன்றைக்குச் சபையாரிடத்திலிருந்து இரண்டு வெள்ளாட்டுக்கடாக்களை வாங்கி ஆசரிப்புக் கூடார வாசலில் நிறுத்துவார்கள். ஆரோன் சீட்டுப் போடுவான். ஒரு சீட்டு கர்த்தருக்கு. அந்தச் சீட்டு விழுந்த ஆடு பாவநிவாரணபலியாக அடிக்கப்படும். அதன் இரத்தம் திரைக்கு உட்புறம் போகும். இன்னொரு சீட்டு விழுந்த ஆட்டை உயிரோடே நிறுத்தி வைப்பார்கள். பலி முடிந்தபின் ஆரோன் தன் இரண்டு கைகளையும் அதன் தலையில் வைத்து, ஜனங்களுடைய அக்கிரமங்களையெல்லாம் வாய்விட்டு அறிக்கையிட்டு, அவைகளை அதன் தலையின்மேல் சுமத்தி, அதற்கென்று நியமித்த ஒரு ஆள் கையில் கொடுத்து வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவான். கொண்டுபோய் விட்டவன் தன் வஸ்திரத்தைத் துவைத்து, குளித்துவிட்டுத்தான் பாளயத்துக்குள் வரலாம்.

இப்போது கவனியுங்கள். பலியானது முதல் ஆடு. ஆங்கிலத்தில் 'ஸ்கேப்கோட்' என்கிறார்களே, அது இரண்டாவது ஆடு. அது அந்தப் பலிபீடத்தண்டை போகவே இல்லை, உயிரோடே போனது. நம்முடைய பத்திரிகைக்காரர்கள் அதைத்தான் 'பலிகடா' ஆக்கிவிட்டார்கள்! தம்பி தேடினால் எப்படிக் கிடைக்கும்? நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அதற்கு அருமையான ஒரு வார்த்தை இருக்கிறது: போக்காடு. போக்கிவிடப்படுகிற ஆடு. வாசித்துவிட்டு எத்தனை தடவை தாண்டிப் போயிருக்கிறோம்!

இங்கிலீஷ் வார்த்தையும் இதே மாதிரி ஒட்டுப்போட்டதுதான். அதைச் செய்தவர் வில்லியம் டிண்டேல். இங்கிலாந்தில் பிஷப்பின் அனுமதியில்லாமல் வேதத்தை மொழிபெயர்க்கக்கூடாது என்றிருந்த காலத்தில், நாட்டைவிட்டு ஓடி, ஆண்ட்வெர்ப் பட்டணத்தில் ஒளிந்திருந்து வேலை செய்தவர். மோசேயின் ஐந்து ஆகமங்களை 1530-ல் எபிரெயத்திலிருந்து இங்கிலீஷில் அச்சிட்டு வெளியிட்டார். லேவியராகமம் 16-ல் 'அசசேல்' என்றொரு எபிரெயச் சொல் வருகிறது. அதன் பொருள் என்ன என்று இன்றைக்கும் பண்டிதர்கள் ஒத்துப்போகவில்லை. ஒரு இடத்தின் பேர் என்பார் சிலர். வனாந்தரத்துப் பொல்லாத ஆவியின் பேர் என்பார் சிலர். டிண்டேல் அதை இரண்டாகப் பிரித்தார்: 'ஏஸ்' என்றால் வெள்ளாடு, 'அசல்' என்றால் போய்விடுதல். அதற்கு முன்னே கிரேக்க மொழிபெயர்ப்பும் ஜெரோமின் லத்தீன் மொழிபெயர்ப்பும் ஏறக்குறைய இந்த வழியில்தான் போயின. தப்பித்துப் போவதற்கு அந்நாளைய இங்கிலீஷில் 'ஸ்கேப்' என்ற குறுக்கம் உண்டு. ஆட்டுக்கு 'கோட்'. இரண்டையும் சேர்த்தார், முன்பு இல்லாத ஒரு வார்த்தை பிறந்தது. 1611-ல் வந்த ஜேம்ஸ் ராஜாவின் வேதாகமமும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. வார்த்தையைக் கொடுத்த மனுஷனோ, சிநேகிதனைப்போல நடித்த ஒருவனால் காட்டிக்கொடுக்கப்பட்டு 1535-ல் பிடிபட்டார். 1536-ல் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று, உடலை எரித்தார்கள். தப்பிப் போகிற ஆட்டுக்குப் பேர் வைத்தவர் தப்பவில்லை.

(பிற்கால மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் 'அசசேல்' என்ற பேரையே வைத்துவிட்டார்கள். உங்கள் கையில் அப்படிப்பட்ட வேதாகமம் இருந்தால் குழம்பவேண்டாம், அதிகாரம் அதேதான்.)

தேவாலயம் இருந்த நாட்களில் எருசலேமில் இந்தச் சடங்கு எப்படி நடந்தது என்று யூதருடைய மிஷ்னா என்ற நூலில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆட்டின் தலையில் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டுவார்கள். வழியில் பத்துக் குடில்கள் போட்டிருக்கும். கடைசியில் ஒரு செங்குத்தான பாறை. அங்கிருந்து ஆட்டைப் பின்பக்கமாகத் தள்ளிவிடுவார்களாம். மோசே அப்படிச் சொல்லவில்லை, விட்டுவிடத்தான் சொன்னார். பிற்காலத்தில் வந்து சேர்ந்தது அது. அதைவிட இன்னொரு விஷயம் எனக்கு மனசிலே தைத்தது. ஆட்டைக் கொண்டுபோவதற்கென்று தனியாக ஒரு மேட்டுப்பாதையைக் கட்டினார்களாம். ஏன் தெரியுமா? ஜனங்கள் அதன் ரோமத்தைப் பிடித்து இழுத்து, 'எடுத்துக்கிட்டுப் போ, போ' என்று கத்தினார்களாம்! பாருங்க, கை வைத்து அறிக்கையிட்டது என்னவோ தங்கள் பாவத்தை. ஆனால் கொஞ்ச நேரத்துக்குள்ளே அந்த ஆட்டின் பேரிலேயே ஆத்திரம் வந்துவிட்டது. மனுஷ சுபாவம்.

இங்கேதான் நேர்ப்பொருளுக்கும் உருவகப்பொருளுக்கும் உள்ள வித்தியாசம் ஆரம்பிக்கிறது. இன்றைக்கு இங்கிலீஷில் 'ஸ்கேப்கோட்' என்றால் ஆடு யாருக்கும் ஞாபகம் வராது. மற்றவர்கள் செய்த தப்புக்குப் பழி சுமக்கிற ஆள் என்று அர்த்தம். ஆபீசில் பெரிய அதிகாரி கையெழுத்துப் போட்ட பைலுக்கு கிளார்க்கை சஸ்பெண்ட் பண்ணுவார்கள். அந்த கிளார்க்குதான் 'ஸ்கேப்கோட்'. நம் தமிழில் இதற்கு ஏற்கெனவே ஒரு பழமொழி உண்டு: பழி ஓரிடம், பாவம் ஓரிடம். 'அவன் தலையில கட்டிட்டாங்க' என்றும் சொல்லுகிறோம். ஆரோன் கை வைத்ததும் தலையில்தான், நாம் கட்டுவதும் தலையில்தான்!

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். குற்றமில்லாதது ஒன்று, மற்றவர்களுடைய குற்றத்தைச் சுமந்துகொண்டு வெளியே போகிறது. ஆனால் உள்ளே நேர் எதிர். ஆரோன் ஆட்டின் தலையில் கைவைத்தபோது, 'இந்த ஆடு திருடியது, இந்த ஆடு பொய் சொன்னது' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்கள் செய்தோம் என்றுதான் அறிக்கையிட்டான். அங்கே நின்ற குழந்தைக்குக்கூட ஆடு ஒன்றும் செய்யவில்லை என்று தெரியும். அதுமட்டுமல்ல, அந்த இரண்டு ஆடுகளுக்கு முன்னாலே ஆரோன் தனக்காகவும் தன் வீட்டாருக்காகவும் ஒரு காளையைப் பலியிட வேண்டும். ஆசாரியனுடைய கணக்கு முதலில், ஜனத்தின் கணக்கு பிறகு. நாமோ ஒருவன் தலையில் கட்டும்போது என்ன செய்கிறோம்? 'அவன்தான் செய்தான்' என்கிறோம். ஆட்டை அனுப்பினவர்கள் பாவத்தை ஒத்துக்கொண்டார்கள். நாம் ஆளை அனுப்புவது அதை ஒளித்துவைக்க.

இந்த ஆரோன் யார் என்பதையும் மறந்துவிடாதீர்கள். சீனாய் மலையடியில் கன்றுக்குட்டி விவகாரத்தில் மோசே விசாரித்தபோது, ஜனங்கள் பொல்லாதவர்கள் என்று ஆரம்பித்து, பொன்னை அக்கினியிலே போட்டேன், இந்தக் கன்றுக்குட்டி வந்துவிட்டது என்று சொன்னவன் (யாத். 32:22-24). பழியை ஜனத்தின் தலையிலும் நெருப்பின் தலையிலும் கட்டப் பார்த்த அந்த மனுஷன் கையைத்தான் கர்த்தர் எடுத்து, ஆட்டின் தலையில் வைத்து, 'எங்கள் பாவம்' என்று சொல்லப் பழக்கினார்.

சரித்திரத்திலும் பாருங்கள். கி.பி. 64-ல் ரோமாபுரி தீப்பற்றி எரிந்தபோது, ராயனே கொளுத்தினான் என்று பேச்சு எழும்பிற்று. நீரோ அந்தப் பழியைக் கிறிஸ்தவர்கள் தலையில் கட்டினான் என்று தாசித்து என்ற ரோம சரித்திரக்காரரே எழுதிவைத்தார். அவர் ஒன்றும் நமக்குச் சிநேகிதர் இல்லை. அதேசமயம், கிறிஸ்தவ தேசங்கள் என்று பேர் வாங்கினவர்கள் பிற்காலத்தில் யூதருக்குச் செய்தது என்ன? பிரான்சு தேசத்தில் 1894-ல் ராணுவ ரகசியம் ஜெர்மானியருக்குப் போனது என்று ஒரு துண்டுக் கடிதத்தை வைத்து, ஆல்பிரட் டிரைபஸ் என்ற யூத கேப்டனைப் பிடித்தார்கள். கடிதம் எழுதினவன் எஸ்டர்ஹாசி என்ற வேறொரு அதிகாரி. உண்மை தெரிந்த பிறகும் மேலதிகாரிகள் ராணுவத்தின் மானம் போய்விடும் என்று மூடி மறைத்தார்கள். டிரைபஸை எல்லார் முன்னிலையிலும் பட்டையைப் பிய்த்து, கத்தியை முறித்து, கடலுக்கு அப்பால் பேய்த்தீவுக்கு அனுப்பினார்கள். வனாந்தரம்தானே அதுவும்! 1899-ல் மறுபடி விசாரித்து மறுபடியும் குற்றவாளி என்றார்கள். பிறகு மன்னிப்பு என்று விட்டார்கள். நிரபராதி என்று தீர்ப்பு வந்தது 1906-ல்தான். பன்னிரண்டு வருஷம். லேவியராகமத்தைப் பெற்றுக்கொண்ட ஜனத்திலே பிறந்த ஒருவனையே அந்த வார்த்தைக்கு உதாரணமாக உலகம் ஆக்கிவிட்டது.

அந்த வருஷத்துப் பிரதான ஆசாரியனாகிய காய்பா சொன்னதையும் இதோடு சேர்த்து வாசியுங்கள் (யோவான் 11:47-53). ஜனம் முழுவதும் கெட்டுப்போகாதபடிக்கு ஒருவன் சாவது நலம் என்று அவன் கமிட்டியில் யோசனை சொன்னான். அவன் நினைத்தது உருவகப்பொருள்: ஒரு ஆளைத் தள்ளிவிட்டு நாம் தப்பிக்கலாம். தேவன் செய்ததோ நேர்ப்பொருள். அடிக்கப்பட்ட ஆடும் அவரே, பாளயத்துக்குப் புறம்பே சுமந்துபோன ஆடும் அவரே (ஏசாயா 53:6, எபி. 13:11-13). ஆகையால் போக்காடு ஏற்கெனவே போயாயிற்று. இன்னொரு ஆளைப் பிடித்து அனுப்ப நமக்கு உரிமை கிடையாது. இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்பதுதான் பிரச்சினை.

1991-ல் நான் இருந்த ஒரு சபையில் மூன்று நாள் கன்வென்ஷன். காணிக்கையை எண்ணி நோட்டில் எழுதுகிற பொறுப்பு என்னுடையது. கடைசி நாள் கணக்கில் 1,840 ரூபாய் உதைத்தது. மேடையிலிருந்து பையை அறைக்குத் தூக்கி வந்தது 19 வயது தம்பி ஒருவன். பாய் விரிப்பான், பந்தல் கட்டுவான், ராத்திரி மைக் செட்டுக்குக் காவல் படுப்பான். கமிட்டியில் ஐந்து பேர் உட்கார்ந்தோம். "அவன் அப்பா குடிகாரன், தெரியும்ல?" என்று ஒருவர் ஆரம்பித்தார். அதற்குமேல் யாரும் ஆதாரம் கேட்கவில்லை. கொஞ்ச நாள் கூட்டத்துக்கு வரவேண்டாம் என்று சொல்லி அனுப்ப முடிவானது. கை தூக்கினவர்களில் நானும் ஒருவன்.

இரண்டு மாதம் கழித்து என் சட்டைப்பெட்டியில் ஒரு ரசீது கிடைத்தது. லைட் செட்காரருக்கு நானே காணிக்கையிலிருந்து எடுத்துக் கொடுத்த பாக்கி. 1,840 ரூபாய். நோட்டில் எழுத மறந்திருக்கிறேன். ஓடிப்போய்ப் பெரியவர்களிடம் காட்டினேன். "முடிஞ்ச விஷயத்தை ஏன் பிரதர் கிளறணும்? கணக்கு சரியாயிடுச்சுல்ல?" என்றார்கள். அவர்கள் சொன்னது எனக்கும் சௌகரியமாக இருந்தது. அந்தப் பையன் திரும்பி வரவேயில்லை.

இந்தப் பாடத்துக்காக 16-ம் அதிகாரத்தை நாலு தடவை வாசித்த பிறகு, விசாரித்து அவன் வீட்டுக்குப் போனேன். தலையெல்லாம் நரைத்துவிட்டது. இரும்புக்கடை வைத்திருக்கிறான். வேறொரு சபைக்குக் குடும்பமாய்ப் போகிறார்கள், தேவனுக்கு ஸ்தோத்திரம். ரசீது விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவன் சம்சாரத்திடம் காப்பி போடச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க அம்மா சாகிற வரைக்கும், 'நீ எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்டா'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க அண்ணே. இப்ப நீங்க என்கிட்ட சொல்றீங்க. எனக்குத்தான் தெரியுமே? அன்னைக்கு சபையில அறிவிச்சீங்கல்ல, அங்க சொன்னீங்களா?"

சொல்லவில்லை. அந்தச் சபையில் இப்போது இருக்கிற பாஸ்டர் ஐயாவுக்குப் போன் பண்ணினேன். வருகிற மாதம் முதல் ஞாயிறு, அறிவிப்பு நேரத்தில் ஐந்து நிமிஷம் தருகிறேன் என்றிருக்கிறார். அன்றைக்குக் கமிட்டியில் இருந்தவர்களில் இரண்டு பேர் இன்னும் அங்கேதான் முன்வரிசையில் உட்காருகிறார்கள். அவர்கள் பேரைச் சொல்லப்போவதில்லை. என் பேரையும் ரசீதையும் மட்டும் கொண்டுபோகிறேன்.